தீவுக்குப் போக எத்தனை கேக்?

ஏரிப் பக்கமிருந்து வரும் மழை, கனடாவில் இருக்கும் எங்கள் கிம்லியில், யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதுவும் ஐஸ்லாந்திலிருந்து வந்து குடியேறிய முன்னோர்களுக்காக நாங்கள் எடுக்கும் ஆகஸ்ட் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம்... வருஷா வருஷம் தவறாமல் ஆஜர்.

ஊர்வலம் கலைந்து, வைக்கிங் வேஷத்தில் கொம்பு வைத்த தொப்பிக்காரர்கள் எல்லாரும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்வாவா மட்டும் ஓடவில்லை. தன் சின்னக் கடையின் தார்ப்பாயை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் கேக்குகளை மேஜையின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் நனையலாம், கேக் நனையக் கூடாது. ஒவ்வொரு கேக்கும் அவளுக்கு... சரி, அதை அப்புறம் சொல்கிறேன். ஏனென்றால் அப்போதுதான் அவன் உள்ளே புகுந்தான்.

நெடுநெடுவென்று ஒருத்தன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்கள்... மழைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஏரி ஒரு நிறத்துக்கு வருமே, பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல்... அந்த நிறம். அந்தக் கண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

'ஸ்வாவா, கேக்கைப் பார்!' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"அந்தக் கயித்தப் பிடிங்க!"

"எந்தக் கயிறு?"

"சும்மா நிக்க இது பஸ் ஸ்டாப் இல்ல. தார்ப்பாய் பறக்குது பாருங்க... பிடிங்க!"

பிடித்தான். நன்றாகவே பிடித்தான். காற்று அடித்த அடியில் பக்கத்துப் பலூன் கடை பறந்தே போனது, இவள் கடை அசையவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்ததும், கூலி கொடுக்காமல் அனுப்புவது அழகில்லை என்று ஒரு துண்டு கேக் வெட்டி நீட்டினாள்.

வாயில் வைத்ததும் அவன் கண் மூடிக்கொண்டது.

"ஏலக்காய்... உள்ள பிளம்ஸா? பிரமாதம். இது என்ன கேக்?"

"போர்டு படிக்கத் தெரியாதா?"

அவள் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதிய போர்டு. 'ஐஸ்லாந்தின் அசல் ஏழடுக்கு கேக்.' அவன் அதைப் படித்தான். ஒருதரம் படித்தான். மறுபடி படித்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான்.

"எதுக்குச் சிரிப்பு?"

"ஐஸ்லாந்துல இப்படி ஒரு கேக்கா? யாருங்க சொன்னா?"

"எங்க ஊரே சொல்லுது. எங்க கொள்ளுத் தாத்தா கப்பல்ல வந்த காலத்துலேருந்து சொல்லுது!"

"நான் அங்கதான் பொறந்தேன். அங்கதான் வளந்தேன். போன வாரம்தான் விமானம் ஏறினேன். சத்தியமா இந்தக் கேக்கை நான் கண்ணால பாத்ததில்ல."

சொல்லிவிட்டான். சொல்லக் கூடாத இடத்தில், சொல்லக் கூடாத ஆள் காதில் விழும்படி. கடைக்கு முன்னால் குடையோடு நின்ற பக்கத்து வீட்டு லாகா, திறந்த பர்ஸைப் பட்டென்று மூடினாள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் எதுக்குக் காசு குடுத்தேன்? ஏற்கெனவே ஐசிங் போடாத, போடாதன்னு தலைதலையா அடிச்சுக்கிறேன், கேக்க மாட்டேங்கிற. இப்ப கேக்கே பொய்யா?"

"லாகா, இந்த ஆளு பேச்சக் கேட்டு..."

"ஐஸ்லாந்துக்காரனே சொல்றான் பொண்ணே!" லாகா போயே போய்விட்டாள்.

ஸ்வாவா திரும்பினாள். அவள் கண்ணில் பொறி பறந்தது. இவனுக்கு அதுவும் அழகாகத் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

"ஐயோ, மன்னிச்சிருங்க. நானே வாங்கிக்கறேன். ரெண்டு குடுங்க."

"பரிதாபப்பட்டு வாங்குறவங்களுக்கு நான் விக்கிறதில்ல. மழை விட்டாச்சு. கெளம்புங்க."

அவன் கிளம்பினான். நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தான். "எம் பேரு சிந்த்ரி."

"நான் கேக்கலியே..."

ஆனால் கேட்டுக்கொண்டாள். மனசுக்குள் ஒருதரம் சொல்லியும் பார்த்துக்கொண்டாள். சிந்த்ரி.

இப்போது கேக் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஸ்வாவாவுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. பிக்கரெல் என்கிற ஏரி மீனைக் கத்தியால் முள் நீக்கித் துண்டு போடுவது. அப்பா மாக்னுஸுக்கு முழங்கால் போனதிலிருந்து அவர் படகு கரையில்தான் கிடக்கிறது. ஆகவே சம்பளம் வீட்டுக்கு. கேக் மட்டும் அவளுக்கு. ஒரு கேக் விற்றால் செலவு போக இருபத்தைந்து டாலர் மிஞ்சும். அந்த இருபத்தைந்தை அவள் டாலராக நினைப்பதே இல்லை. ஒரு கேக் என்றுதான் நினைப்பாள். விமானத்துக்கு இத்தனை கேக், பஸ்ஸுக்கு இத்தனை கேக், படுக்க இடத்துக்கு இத்தனை கேக்... எல்லாம் கூட்டினால் ஐஸ்லாந்து.

அந்தத் தீவைப் பற்றி அவள் வீட்டில் பேசாதவர்கள் கிடையாது. போனவர்களும் கிடையாது. ஒவ்வொருத்தரும் காசு சேர்த்தார்கள், ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் வந்தது. ஒரு தலைமுறையில் மாடு செத்தது. ஒரு தலைமுறையில் பிரசவம். அப்பா முறை வந்தபோது படகு எஞ்சின் படுத்துவிட்டது. அந்தக் காசில்தான் புது எஞ்சின் வந்தது.

'என் முறையில் காரணமே கிடையாது' என்று ஸ்வாவா முடிவு செய்திருந்தாள். போயே தீருவாள். அதுவும் திரும்பும் தேதி போடாத டிக்கெட்டில். விசா இல்லாமலே மூன்று மாசம் இருக்கலாம், அதுவரை அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அதற்கப்புறம் என்ன என்பதை அந்தத் தீவின் கருப்பு மணல் கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம்.

திங்கள்... திருவிழா விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போனால், நடுக்கூடத்தில் ஐஸ்லாந்துக் கம்பெனி ஒன்று அனுப்பிய புது மெஷின். மீனை எடை பார்த்துத் தானே தரம் பிரிக்குமாம். அதன் அடியிலிருந்து இரண்டு நீளக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கால்களுக்குப் பின்னால் மீதி ஆளும் வெளியே வந்தான்.

"அட... கேக்!" என்றான் சிந்த்ரி. முகத்தில் எண்ணெய்க் கறை.

"எம் பேரு கேக் இல்ல. ஸ்வாவா."

"நான் கேக்கலியே..." என்று அவளைப் போலவே சொல்லிக் காட்டினான். பக்கத்தில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஸ்வாவா கத்தியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அன்றைக்கு அவள் வெட்டிய மீன்கள் பாவம்!

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் துறைமுகச் சுவரில் வரிசையாக உட்காருவார்கள். சிந்த்ரி கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோபமாகவே இருக்க வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் அந்தத் தீவில் பிறந்து வளர்ந்த ஒருத்தன் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கேட்காமல் இருப்பது?

"அங்க... கடல் குளிர்காலத்துல உறையுமா?"

"எங்க பக்கத்துக் கடலா? உறையவே உறையாது. நாள் பூரா இரைஞ்சுக்கிட்டே கெடக்கும். எங்கம்மா வீடு மேற்குக் கரையில, ஒரு மீன்பிடி ஊரு. ஜன்னலத் தொறந்தா பேசுறது கேக்காது."

'உறையாத தண்ணீர்...' இந்த ஏரி நவம்பரில் வாயை மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும். அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போறீங்களா? எப்ப?"

கேக் கணக்கைச் சொன்னாள், திரும்பும் தேதி போடாத டிக்கெட்டையும் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பு நின்றது.

"சாப்பாட்டுக்கு இவ்வளவுதானா வச்சிருக்கீங்க?"

"ஏன்?"

"இல்ல... ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி சூப்பு இருக்கில்ல... அது உங்க கணக்குல ஒரு கேக்."

"ஒரு முழுக் கேக்கா?!"

"ரொட்டி தருவாங்க..." என்று சமாதானம் சொன்னான். "ஒரு ராத்திரி பொது அறையில படுக்கவே ஒண்ணரை கேக். மேற்குக் கரைக்கு பஸ்ஸு..."

"போதும்! சொல்லாதீங்க!"

ஏழடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் கையால் தேய்த்து, தனித்தனியாகச் சுட்டு, பிளம்ஸைக் கிளறிக் கிளறித் தோள் கழன்று... அதெல்லாம் ஒரு கிண்ணம் சூப்பா? ஸ்வாவா முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள்.

"சரி. அப்ப இன்னும் அறுபது கேக்."

"இல்ல, அதுக்கு ஒரு வழி இருக்கு. எங்கம்மா வீட்ல ரூம் காலியாத்தான் கெடக்கு. சும்மா போய் எத்தனை நாள் வேணா..."

"நான் யார் வீட்டுக்கும் ஓசி விருந்தாளியா போகலை. என் காசுல போறேன். என் காசுல நிப்பேன். சூப்பு வாங்க முடியலைன்னா ரொட்டி தின்னுட்டு கடலப் பாப்பேன்."

அவள் எழுந்து போனாள். சிந்த்ரி அங்கேயே உட்கார்ந்திருந்தான். அந்தத் தீவை விட்டு எப்போது கிளம்புவோம் என்று வயசுப் பிள்ளைகள் எல்லாம் துடித்த ஊரில் வளர்ந்தவன் அவன். அந்த இடத்தின் மேல் இப்படி ஓர் ஆசையை அவன் யார் முகத்திலும் கண்டதில்லை.

மறுவாரம் சாயங்காலம் மாக்னுஸ் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. சிந்த்ரி நின்றான், கையில் சப்பாத்திக் கட்டை மாதிரி ஒரு மாவு உருட்டும் கட்டையோடு.

"கேக் வாங்க வரல. உருட்ட வந்திருக்கேன். அறுபது கேக்னா நானூத்திருபது அடுக்கு. ஒத்தக் கையால முடியுமா?"

"உள்ள வா, உள்ள வா!" மாக்னுஸுக்கு ஏகக் குஷி. காப்பியை ஊற்றிக் கொடுத்து, தானும் ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சினார். "இதாவது உங்க ஊர்ல உண்டா, இல்ல இதுவும் நாங்களா கட்டி விட்டதா?"

"உண்டு உண்டு. பல்லு இருக்கிற கிழவங்க குடிப்பாங்க."

"பாத்தியா, என்னையும் கிழவன்னுட்டான்!"

சிந்த்ரி உருட்டிய முதல் அடுக்கு ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம் போல இருந்தது. ஸ்வாவா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஐஸ்லாந்து. நீ கேட்டேல்ல?"

சிரித்துவிட்டாள். கோபத்தை எல்லாம் மறந்து, தோள் குலுங்கக் குலுங்க... அவள் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. துடைக்கலாமா என்று அவன் கை பாதி தூரம் வந்து, தைரியம் இல்லாமல் திரும்பிப் போனது. அதையும் அவள் பார்த்துவிட்டாள். எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் முழுக்க இப்படித்தான். ஜன்னலில் மழை, அடுப்பில் பிளம்ஸ், வீடெல்லாம் ஏலக்காய் வாசனை. அவன் அடுக்குகள் மெல்ல மெல்ல வட்டமாகின. ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அம்மாகிட்ட போன்ல கேட்டேன். அவங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப கிறிஸ்மஸுக்கு இந்த மாதிரி ஒண்ணு பண்ணுவாங்களாம். இப்ப யாரும் பண்றதில்ல. நாங்க மறந்துட்டோம் ஸ்வாவா... நீங்க மறக்கல. உன் போர்டுல தப்பில்ல."

அன்றைக்கு அவள் அவனுக்கு வெட்டிய துண்டு பெரிசாக இருந்தது.

அவன் போனதும் மாக்னுஸ் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "தீவே உன்னைத் தேடி வீட்டுக்குள்ள வந்து மாவு உருட்டுது. இனி எதுக்கு டிக்கெட்டு?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஸ்வாவாவுக்குச் சுருக்கென்றது. மாடு... பிரசவம்... எஞ்சின்... அந்த வரிசையில் அடுத்ததாக இரண்டு ஏரி நிறக் கண்களா? கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். அவனைப் பிடித்திருக்கிறது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருக்கிறது. அதனால்தான் பயம்.

"போவேன்ப்பா. யார் வந்தாலும் போவேன்."

"சரி சரி... எதுக்கு என்னைக் கரண்டியால அடிக்கிற மாதிரி பாக்கிற!"

செப்டம்பரில் அதிர்ஷ்டம் அடித்தது. பக்கத்துப் பெரிய நகரமான வின்னிபெக்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முப்பது கேக் வேண்டுமாம். தொழிற்சாலை லாரி டிரைவர் கோர்டி வந்து சொன்னான், காசையும் முன்னாலேயே கொடுத்தான். ஸ்வாவா தரையில் நடக்கவில்லை. மூன்று வாரம் தூக்கத்தைப் பாதியாக்கி முப்பதையும் முடித்தாள். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சிவப்பு நூலால், அப்பா வலை பின்னும்போது போடுகிற அதே முடிச்சைப் போட்டு அனுப்பினாள்.

கணக்கில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்தச் சந்தோஷத்தை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது, அப்பா முகம் இரண்டாவதாகத்தான் வந்தது.

அக்டோபர் முதல் வாரம். காலிப் பெட்டி எடுக்கக் குளிர் அறைக்குள் போனாள். மூச்சு வெள்ளையாக வந்தது. மீன் பெட்டிகளுக்குப் பின்னால், மூலையில், ஒரு பழைய கான்வாஸ் துணி. அதன் ஓரத்தில்... ஒரு சிவப்பு நூல்.

துணியை இழுத்தாள்.

பழுப்புக் காகிதம். அப்பாவின் முடிச்சு. ஒன்றன் மேல் ஒன்றாக, ஒழுங்காக, அவளுடைய கேக்குகள். அத்தனையும்.

கதவு திறந்த சத்தம். எதற்கோ உள்ளே வந்த சிந்த்ரி, அவளையும் துணியையும் பார்த்து அப்படியே நின்றான். அவன் முகமே போதுமாக இருந்தது.

"நீயா?"

"ஸ்வாவா..."

"வின்னிபெக்ல கடை... கோர்டி... எல்லாம் நாடகமா? முப்பது கேக்! என் கை வலிச்சது, தோள் வலிச்சது... யாரோ முகம் தெரியாதவங்க என் கேக்கை ஆசையா சாப்பிடுறாங்கன்னு நெனச்சேன்டா! இங்க மீனோட மீனா கெடக்கு!"

"ஒண்ணு சாப்பிட்டேன்..."

"என்ன?"

"ஒண்ணு மட்டும் சாப்பிட்டுட்டேன். இருபத்தொம்பதுதான் இருக்கு."

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அந்தக் குளிரில் அதுகூடச் சுட்டது.

"என் ஆசைக்கு நீ யாரு காசு போட? பரிதாபப்பட்டு வாங்காதேன்னு முதல் நாளே சொன்னேனா இல்லியா?"

"பரிதாபமா?" சிந்த்ரிக்கும் குரல் உயர்ந்தது. "உன் மேல எனக்குப் பரிதாபமா? கேளு ஸ்வாவா. இந்த ஏரியச் சுத்தி இருக்கிற மெஷினையெல்லாம் பாத்துக்க வசந்த காலம் வரைக்கும் ஒருத்தன் இங்க இருக்கணும்னு கம்பெனியில கேட்டாங்க. நான்தான் கையத் தூக்கினேன். எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? நான் இங்க இருக்கப் போறேன், நீ அங்க போகப் போற. அதுவும் திரும்புற தேதி இல்லாம. உன்னை நிறுத்தணும்னா நான் ஒரு கேக்கும் வாங்காம இருந்திருக்கணும். முப்பதையும் வாங்கி, உன்னை நானே தூரமா அனுப்பிட்டிருந்தேன். இது பரிதாபமா?"

அவள் அவனையே பார்த்தாள். நெஞ்சு அடித்த அடியில் அவன் சொன்னது முழுசாக உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஓடிப் போய் அவன் மேல் சாய்ந்துவிடலாம் போல இருந்தது. சாய்ந்தால்... அப்புறம் எங்கே போவது?

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபத்தொம்பது கேக்குக் காசு நாளைக்கு உன் கைக்கு வரும். கேக்கை எல்லாம் எங்க வீட்டுல எறக்கு."

"ஸ்வாவா, அப்ப உன் டிக்கெட்டு..."

"அது என் கவலை. சாப்பிட்ட ஒண்ணுக்கு மட்டும் காசு எடுத்துக்கறேன். அது நியாயமான வியாபாரம்."

மறுநாள் காசு அவன் கைக்கு வந்தது, எண்ணி, ஒரு டாலர் குறையாமல். அவள் கணக்கு மறுபடி பள்ளத்தில் விழுந்தது. மாக்னுஸ் சமையலறை முழுக்க அடுக்கியிருந்த கேக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சர்க்கரைக் கட்டியைக்கூட வாயில் போடாமல் காப்பியைக் குடித்தார்.

"அந்தக் காலத்துல நானும் எஞ்சின் வாங்காம இருந்திருக்கலாம்டி. எப்படியோ ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம். போயிருக்கணும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்டோபர் வந்தால் எங்கள் பக்கத்து ஊர்களில் வாரா வாரம் அறுவடை விருந்து. சர்ச் மண்டபத்தில் நீள நீளமாக மேஜை போட்டு, வான்கோழியும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையுமாக ஊரே உட்கார்ந்து சாப்பிடும். ஸ்வாவா ஒவ்வொரு விருந்துக்கும் கேக்கோடு போவது என்று தீர்மானித்தாள். அப்பாவின் பழைய வண்டி பாதி வழியில் நிற்கிற ஜாதி. முதல் சனிக்கிழமை அதன் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் திட்டிக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலையின் குட்டி வேன் வந்து நின்றது.

"வண்டி மட்டும் ஓட்டுறேன்" என்றான் சிந்த்ரி. "பேச மாட்டேன். வாங்க மாட்டேன்."

"பெட்ரோல் காசு நான் குடுப்பேன்."

"குடு."

போகிற வழியெல்லாம் பேச்சில்லை. வைப்பர் மட்டும் இங்கும் அங்கும் போய் வந்தது. ஆனால் மண்டபத்தில் அவள் மேஜையில் நின்றபோது அவன் மூலையிலிருந்து பார்த்தான். புது போர்டு. அதே சிவப்புப் பெயிண்ட். 'கிம்லியின் அசல் ஏழடுக்கு கேக். அங்கே மறந்தது, இங்கே கிடைக்கும்.'

அன்றைக்கு ஒன்றுகூட வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்றது யார் தெரியுமா? நம்ம லாகா! "ஐசிங் எனக்குப் பிடிக்காது. ஆனா அவங்க மறந்ததை நாம விடலாமா?" என்று இரண்டாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு விருந்து, இரண்டு விருந்து, மூன்று... இருபத்தொன்பதும் தீர்ந்து, புதிதாகச் சுட்டதும் தீர்ந்தது. கணக்குப் போடத் தெரிந்தவன்தானே சிந்த்ரி, ஒருநாள் வாக்குறுதியை மீறிக் கேட்டுவிட்டான்.

"டிக்கெட்டு, தங்குறதுக்கு, சூப்பு எல்லாம் சேந்தாச்சே. இன்னும் எதுக்கு விக்கிற?"

"கணக்கு இன்னும் முடியல."

"எப்படி முடியல? நானே கூட்டிப் பாத்தேன்..."

"பேச மாட்டேன்னு சொன்ன ஆளு யாரு?"

வாயை மூடிக்கொண்டான். 'இன்னும் நிறைய நாள் தங்கப் போகிறாள் போல' என்று நினைத்துக்கொண்டான். நினைத்தபோது ஸ்டியரிங் பிடித்த கை கனத்தது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியவும் விடவில்லை.

நவம்பர் நடுவில் ஏரியின் ஓரங்கள் வெள்ளையாகிவிட்டன. வின்னிபெக் விமான நிலையத்துக்கு மூன்று பேரும் வேனில் போனார்கள். மாக்னுஸ் மகளைக் கட்டிப்பிடித்து, "எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்தும் சாக்கில் தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

மிச்சம் இரண்டு பேர். ஒரு பெட்டி. ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம், சிவப்பு நூல்.

"கேக்கா? அங்க விக்கவா?" என்றான் சிந்த்ரி. சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை.

"விக்க இல்ல. உங்கம்மாவுக்கு. அந்த ரூம்ல ஒரே ஒரு ராத்திரி தங்கப் போறேன். வாடகை, ஒரு கேக். ஓசி இல்ல."

"அம்மாவா...! நெஜமாவா?"

"ஜன்னலத் தொறந்தா பேசுறது கேக்காதுன்னியே... அந்தச் சத்தத்தைக் கேக்கணும்."

அவன் தலையாட்டினான். ஏரி நிறக் கண்கள் நிறைந்துவிட்டன. மறைக்கக் கூட முயலவில்லை. "போயிட்டு வான்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா வான்னு கூப்பிட எனக்கு உரிமை இல்ல. நீ போ ஸ்வாவா. நல்லா பாரு. எத்தனை நாள் வேணா..."

"எண்பது நாள்" என்றாள்.

"என்ன?"

கோட்டுப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். போகிற தேதி இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு தேதி. பிப்ரவரி.

"வர்றதுக்கும் எடுத்திருக்கேன்டா. கணக்கு முடியல முடியலன்னு சொன்னேனே, இதுக்குத்தான். போறதுக்கு ஆன மாதிரியே வர்றதுக்கும் கேக் ஆச்சு. எல்லாம் என் கையால சுட்டது, என் காசு. நீ கூப்பிட்டு வரலை. யாரும் நிறுத்தி நான் நிக்கலை. போகணும்னு தோணுச்சு, போறேன். வரணும்னு தோணுது..." மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். "வர்றேன்."

அவள் கன்னத்தில் மாவு எதுவும் இல்லை, ஆனாலும் இந்தத் தடவை அவன் கை பாதி வழியில் திரும்பவில்லை.

பயணிகளை உள்ளே வரச் சொல்லி அழைத்தார்கள். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு நாலு எட்டு போனாள். திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு மழையில் அவன் திரும்பிப் பார்த்த மாதிரியே.

"சிந்த்ரி... உங்கம்மா கதவத் தொறந்ததும், நீ யாரும்மான்னு கேப்பாங்கல்ல? என்ன சொல்லட்டும்?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

"சரி, நானே சொல்லிக்கிறேன்" என்றாள் ஸ்வாவா. கன்னம் சிவந்திருந்தது, குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை. "உங்க பையனுக்காகத் திரும்பிப் போகப் போற பொண்ணுன்னு சொல்லிக்கிறேன்."